லால்பாக்குக்கு வாசற்படி இல்லை

மாவள்ளி, பெங்களூர்
12-1-67

அன்பும் பொறுமையும் நிறைந்த அண்ணிக்கு,

ராணி எழுதிக்கொண்டது. நானும் அவரும் சுகம். அண்ணன், நீங்கள், எருமை மூவரும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினம் மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்.

அண்ணி, உங்களைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் போட்ட சத்தியத்தை நான் மறக்கவில்லை. அண்ணன் பார்த்துவைத்த கிருஷ்ணகிரி மாப்பிள்ளைக்கும் எனக்கும் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு ஊரே கோயிலில் உட்கார்ந்திருந்தபோது, நான் இங்கே இவரை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு நாளாகியிருந்தது. அண்ணன் பீடத்துக்கு முன்னால் போய் நின்று, "என் வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது, அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொன்னதாக நீங்கள்தான் எழுதினீர்கள். அம்மா அப்பா போன பிறகு தகப்பனாக இருந்து வளர்த்த மனுஷர். அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. இவரைக் கட்டிக்கொண்டதற்கு மட்டும் நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆனால் நேற்று எனக்கு ஒன்று தோன்றியது, தோன்றியதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் தெருமுனையில்தான் லால்பாக் தோட்டம். ஐதர் அலி போட்டது, திப்பு வளர்த்தது, பிறகு வெள்ளைக்காரன் அழகுபடுத்தியது. அது உங்கள் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. அதற்கு வாசற்படியே கிடையாது. குடியரசு தினத்துக்குப் புஷ்பக் கண்காட்சி வைக்கிறார்கள். நீங்கள் பஸ் ஏறி வந்தால் அண்ணன் சத்தியத்துக்கு ஒரு கீறலும் விழாது. வருவீர்களா? வர வேண்டும். பெரிய கேட் பக்கம் காலை பத்து மணியிலிருந்து நிற்பேன்.

உங்கள் ராணி

மத்திகிரி
31-1-67

என் கண்ணு ராணிக்கு,

மாதா உன்னையும் மாப்பிள்ளை முனிராஜையும் தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக் காக்கட்டும்.

ஊர் வந்து சேர்ந்து ஐந்து நாளாகிறது, இன்னும் கண்ணுக்குள் பூவாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் உட்கார்ந்து ரோஜாவாகவே போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணாடி மாளிகைக்குள் நுழையும்போது கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேனே, நீ சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொள். அவ்வளவு வெளிச்சத்தையும் அவ்வளவு பூவையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்தால் வேறு என்ன செய்வதாம். அப்புறம் அந்தப் பாறை மேல் ஏறி, கெம்பேகவுடர் கட்டிய கோபுரத்தின் அடியில் நின்று "நம்ம ஊரு எந்தப் பக்கம் அண்ணி" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் அத்திப்பள்ளி வரை அழுதுகொண்டே வந்தேன்.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் நான் வரவில்லை. "தோட்டம் பாக்கப் போறேன்" என்றேன். "தோட்டத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அதுதான் அனுமதி.

இன்னொரு சேதி. உன் கடிதம் வந்தால் நான் உரக்கத்தான் படிக்கிறேன். மனசுக்குள் படித்தால் எனக்குப் புரியாது என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற நான். நான் படிக்க ஆரம்பித்ததும் அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். தொட்டி சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த வாயில்லா ஜீவன் எவ்வளவுதான் குடிக்கும்.

காய்கறிப் பந்தலில் முதல் பரிசு வாங்கிய முட்டைக்கோஸைப் பற்றிச் சொன்னேன். நம் வயலில் விளைவதில் முக்கால் கூட இராது என்று நீ சொன்னதையும் சொன்னேன். "அதுக்கா குடுத்தாங்க பரிசு" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்க உம்மென்று இருக்கிறார். அவரைத் தோட்டத்துக்கு இழுக்க நாம் பிடித்த கொம்பு நல்ல கொம்புதான் போலிருக்கிறது.

அன்புள்ள அண்ணி
லூர்தம்மாள்

மாவள்ளி
10-5-67

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் ஏப்ரலில் வந்தபோது பார்த்த மஞ்சள் மரம் நினைவிருக்கிறதா, இலையே இல்லாமல் உச்சி முதல் அடி வரை பூவாக நின்றதே. அது கொட்டித் தீர்ந்துவிட்டது. ஊதாப் பூ மரமும் போய்விட்டது. இப்போது ஏரிக்கரை முழுக்கச் சிவப்பு. குல்மோகர் என்று அவர் சொல்கிறார். தரையெல்லாம் இதழ், மிதிக்க மனசு வராமல் ஓரமாகவே நடக்கிறேன். திப்பு காலத்து மாமரம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதன் அடியில் நேற்று உட்கார்ந்திருந்தேன். பிஞ்சு ஒன்று மடியில் விழுந்தது. காவல்காரர் பார்ப்பதற்குள் உப்பில்லாமல் அப்படியே தின்றுவிட்டேன்.

அண்ணி, இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். இல்லை, உரக்கவே படியுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டரம்மாள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி இருக்குமாம்.

அவர் வாட்ச் ஃபாக்டரியில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவராமல் வந்து நிற்கிறார். பக்கத்து வீட்டு மங்கம்மா கன்னடத்தில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு எப்போது போகிறாய்? நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

உங்கள் ராணி

மத்திகிரி
28-6-67

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் அடுப்பில் வைத்த களியைத் தீய விட்டேன். எங்களுக்கு ஒன்றும் பிறக்கவில்லை என்று ஆனபின் உன்னைத்தானே பிள்ளையாக வைத்திருந்தோம். இப்போது என் பிள்ளைக்குப் பிள்ளை. தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லியும் விட்டேன்.

நீ சொன்னபடி ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படித்தேன். வெளியே வாளி கீழே விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "பெங்களூர்ல மாங்கா கெடைக்குதா" என்று கேட்டார். "யாருக்கு" என்றேன். "பொதுவாக் கேட்டேன்" என்றார். நான் இந்த மாதம் உனக்குக் கொண்டுவந்த பையில் அடியில் இருந்த மாவடு நான் வைத்ததில்லை. மாவடுப் பருவம் முடிந்து எவ்வளவு நாளாயிற்று, யார் வீட்டு ஜாடியில் கேட்டு வாங்கினாரோ.

தூறலில் தோட்டம் இன்னொரு அழகு. ஏரி நிரம்பி, புல் பச்சைப்பசேலென்று, நாம் இரண்டு பேரும் ஒரு குடைக்குள். அந்தப் பெரிய இலவ மரத்தின் வேருக்குள் நீ போய் உட்கார்ந்துகொண்டாயே, வீட்டு அறை மாதிரி அல்லவா இருக்கிறது. தாராளமாக மூன்று பேர் இருக்கலாம். ஆகஸ்டு கண்காட்சிக்கு எப்படியும் அவரை இழுத்து வருகிறேன். அந்தப் பரிசு விஷயம் இன்னும் ஆறவில்லை. வயலில் கோஸுக்குத் தனி எரு போடுகிறார்.

அண்ணி

மத்திகிரி
17-8-67

என் ராணிக்கு,

நேற்று முன்தினம் கண்காட்சியில் நீ பார்த்தது பாதிதான். மீதியை நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்.

ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளாயிற்றே. வருஷா வருஷம் வயலில் முதல் கோஸை அன்று காலைப் பூசைக்குக் காணிக்கையாக எடுத்துப் போவது நம் வீட்டு வழக்கம். இந்த வருஷமும் வெட்டினார், ஈரச் சாக்கில் சுற்றினார், பூசைக்கும் கொண்டுவந்தார். பூசை முடிந்ததும் காணிக்கை மேசைப் பக்கம் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார். "மாதா தப்பா நெனைக்க மாட்டா, பரிசு வாங்கினா பரிசையே குடுத்துடலாம்" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தரையும் தொடவிடவில்லை. கண்டக்டர் இதற்கும் டிக்கெட் போடவா என்று கேட்டார். செக்போஸ்டில் அரிசி கடத்துகிறோமா என்று பார்க்க ஒருத்தர் குச்சியோடு வந்தபோது, உன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இதுல குச்சி விட்ட, அப்புறம் நடக்கறதே வேற." குச்சி திரும்பிப் போய்விட்டது.

தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? போட்டிக்கு முந்தின நாளே கொண்டுவந்து வைக்க வேண்டுமாம், பரிசெல்லாம் கொடுத்தாகிவிட்டதாம். உன் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க கோயில்ல அன்னிக்குக் காலைலதானேங்க வெப்போம்" என்கிறார். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். "நல்ல கோஸு, அடுத்த வருஷம் வாங்க" என்றார். இவர் என்னிடம் திரும்பி, "மாதாவுக்கு வெக்க வேண்டியத இங்க தூக்கியாந்தேன், எனக்கு வேணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் கோஸும் கையுமாகக் கண்ணாடி மாளிகைக்குள் வந்தது. கயிறு கட்டி ஒரே வரிசையாக விடுகிறார்கள், நின்றாலும் பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். நடுவிலே அந்தப் பூக்குன்று. எதிர்ப்பக்கத்து வரிசையில் நீயும் மாப்பிள்ளையும். உன்னைப் பார்த்துவிட்டார். முதலில் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பார்த்தார். கோஸை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக்கொண்டார். பிள்ளை தூக்கிப் பழகாதவர் பிள்ளையைத் தூக்கினது போல இருந்தது. நீ அந்தப் பக்கம் நடக்க நடக்க இவர் இந்தப் பக்கம் நடக்கிறார், இத்தனை பூவில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்தார். பக்கத்தில் போய், உன் பக்கம் திரும்பாமல், புல்லில் கோஸை வைத்தார். என்னிடம் சொல்வது போல, "இத மறுபடி தூக்கிக்கினு போவ என்னால ஆவாது. வேணும்கறவங்க எடுத்துக்கட்டும்" என்றார். பிறகு பஸ்ஸுக்கு அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

சமைத்தாயா?

அண்ணி

மாவள்ளி
22-8-67

அண்ணி, அண்ணி,

சமைத்தேனாவா! முதல் நாள் பொரியல், மறுநாள் கூட்டு, மூன்றாம் நாள் சாம்பார், மேல் இலையை மங்கம்மா வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தேன். அவர் தட்டைப் பார்த்து, "இவத்தூ கோஸா?" என்று கேட்டார், இன்றைக்குமா என்று அர்த்தம். ஆனால் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். ஆகஸ்டு முழுவதும் வேறு காய் வாங்காமல் இருந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அண்ணன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. மீசை நரைத்துவிட்டது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இருந்தது. பரவாயில்லை, பூக்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இப்போது எனக்குப் பேராசை வந்துவிட்டது. அண்ணி, கேட்டுப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்கு நான் நம் வீட்டுக்கு வர வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, அவர் இருக்கிறார், ஒரு குறையும் இல்லை. ஆனால் வலி வரும்போது அம்மா படுத்திருந்த அந்த உள்ளறையில், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்றிருக்கிறது. தாய்வீடு இல்லாதவளாகப் பிள்ளை பெற எனக்கு மனசில்லை.

உங்கள் ராணி

மத்திகிரி
24-9-67

கண்ணு ராணிக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் நாளைக் கடத்திவிட்டேன். கேட்டேன். நல்ல நாளாக, நல்ல சாப்பாடு போட்டுத்தான் கேட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "கோயில்ல நின்னு சொன்ன வாக்கு, லூர்து. என்னை என்னா பண்ணச் சொல்ற." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அழுகிறவர் மாதிரி சொன்னார்.

பங்குச் சாமியாரிடம் போனேன். கோபத்தில் போட்ட சத்தியத்தைத் தன்னால் தள்ளிவிட முடியும், அவனை வரச் சொல் என்றார். உன் அண்ணன் போகவில்லை. "அவரு அவுத்து வுட்டுடுவாரு. நான் சொன்னது சொன்னதுதானே" என்கிறார். இப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். வாக்கை மீறவும் மாட்டார், உன்னை நினைக்காமல் சாப்பிடவும் மாட்டார்.

நாம் தோட்டத்திலாவது பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் வளையலோடு வருகிறேன். இலவ மரத்தடியில் உட்கார வைத்துப் போட்டுவிடுகிறேன். ஐதர் அலி ஒன்றும் சொல்ல மாட்டார்.

அண்ணி

மாவள்ளி
15-11-67

அன்பு அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்க வேண்டாம்.

நீங்கள் போட்ட வளையல் கை நிறையச் சத்தம் போடுகிறது. இலவ மரத்தடியில் நீங்கள் சந்தனம் பூசியபோது போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்களே, ஒரு சேட்டம்மாள் தன் கையிலிருந்த கதம்பத்தைக் கிள்ளி என் தலையில் வைத்தாளே, அதை நினைத்துத்தான் இந்த மூன்று வாரமும் ஓடியது. இப்போது ரோஜா நிறத்தில் ஒரு மரம் பூத்திருக்கிறது. காலையில் பனிக்குள் நின்றால் மரம் தெரிவதில்லை, நிறம் மட்டும் தெரிகிறது. அவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அதுதான் கடைசி. கால் வீங்கிவிட்டது. இனி தெருமுனை வரைகூட நடக்கக் கூடாது என்று டாக்டரம்மாள் சொல்லிவிட்டார்கள். வண்டியில் உட்கார்ந்து போகலாம், நடக்கத்தான் கூடாதாம். ஆகவே தோட்டமும் இல்லை. உங்களை என் வீட்டுக்கு வரச் சொல்லலாம், நீங்கள் வந்தும் விடுவீர்கள். ஆனால் அண்ணன் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் கூப்பிட மாட்டேன்.

இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், அண்ணி. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பிறந்து நான் நடக்க ஆரம்பித்ததும் தோட்டத்துக்குத் தூக்கி வருகிறேன். அண்ணனுக்குத் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

உங்கள் ராணி

மத்திகிரி
20-11-67

என் தங்கத்துக்கு,

உரக்கப் படிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் படித்தேன். அந்த வரியையும் சேர்த்தே, ஜன்னலைத் திறந்து வைத்து, ஓர் எழுத்து விடாமல் படித்தேன். நீ திட்டினால் திட்டிக்கொள்.

சனிக்கிழமை நடந்தது இது. எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனவர் உள்ளே வரவேயில்லை. எட்டிப் பார்த்தால் தொட்டியில் கையை விட்டபடி நிற்கிறார், எருமை கொட்டிலில் படுத்திருக்கிறது.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வரும்போது கரியப்பனைக் கூட்டிவந்தார். பர்கூர்ப் பக்கத்து ஆள், மாட்டுப் பண்ணைக்குக் கல் வேலைக்கு வந்தவர். இரண்டு பேர் கையிலும் கடப்பாரை. நான் காபி போட்டு வெளியே கொண்டுவருவதற்குள் உன் அப்பா போட்ட வாசற்படிக் கல்லைப் பெயர்த்துப் புரட்டிவிட்டார்கள். வீடு பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது.

"என்னா பண்றீங்க" என்று கேட்டேன்.

"கரையான்" என்றார்.

"கருங்கல்லுலயா?"

"அடியில இருந்து வந்திருக்குது. வுட்டா வீட்டையே தின்னுடும்."

கரியப்பன் வாயைத் திறந்தார். உன் அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கரியப்பனும் குனிந்து பார்த்து, "ஆமாங்க, பெரிய கரையானுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பள்ளத்தில் செம்மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, தெருவிலிருந்து நடு வீடு வரை சரிவாக மெழுகியிருக்கிறார். ஏறி இறங்க ஒன்றுமே இல்லை. வண்டியை அப்படியே உள்ளே ஓட்டலாம். நேற்றிலிருந்து தெருக்கோழி எல்லாம் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. சாமியார் சைக்கிளில் போகிறவர் நின்று பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், மணியை அடித்துக்கொண்டே போனார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கல்லை என்ன செய்தார் என்று கேள். இரண்டு பேருமாகத் தூக்கிப்போய்க் கிணற்றடியில் போட்டிருக்கிறார்கள். அங்கேதான் ஒரு துவைக்கிற கல் இருக்கிறதே என்றேன். "ஒண்ணு போதாது. இனிமே துணி நெறைய வுழும்" என்றார்.

வருகிற ஞாயிறு மாப்பிள்ளை உன்னை டாக்ஸியில் கூட்டிவரட்டும், நீ ஓர் அடியும் நடக்க வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன் அண்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே என் மெத்தையைப் போட்டுக்கொண்டு நிற்பார். டாக்ஸி வீடு வரைக்குமே வரும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கோஸ் பிடிக்குமா என்று கேட்டு எழுதச் சொன்னார். பிடிக்காவிட்டாலும் பிடிக்கும் என்று சொல்லச் சொல்.

உள்ளறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். வா. வந்ததும் கரையானைப் பற்றி மட்டும் அவரிடம் ஒன்றும் கேட்டுவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அண்ணி